கம்மல்ஸ்வென்ஸ்க்பி: தினீப்பர் கரையின் சுவீடிய வேளாண் சிற்றூர்

கம்மல்ஸ்வென்ஸ்க்பி என்பது தெற்கு உக்ரைனில், கெர்சோன் மாகாணத்தின் பெரிஸ்லாவ் வட்டத்தில், தினீப்பர் ஆற்றின் வலது கரையில் அமைந்த ஒரு வேளாண் சிற்றூர். 1782ஆம் ஆண்டில், பால்டிக் கடலில் உள்ள டாகோ தீவிலிருந்து வந்த சுவீடிய மொழி பேசும் உழவர்கள் இவ்வூரை நிறுவினர். இன்று இது ஸ்மீவ்கா என்னும் ஊரின் ஒரு பகுதியாக உள்ளது. தாய்நாட்டிலிருந்து வெகுதொலைவில், வேறு மொழிகள் சூழ்ந்த புல்வெளி நிலத்தில், சில நூறு உழவர்கள் தம் மொழியையும் சமயத்தையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்து வந்ததால் இச்சிற்றூர் வரலாற்று ஆய்வாளர்கள், மொழியியலாளர்கள் ஆகியோரின் கவனத்தைப் பெற்றது. ரஷ்யப் பேரரசு, உள்நாட்டுப் போர், பஞ்சம், கூட்டுப்பண்ணை முறை, இரண்டாம் உலகப் போர், 2022இல் தொடங்கிய முழு அளவிலான ரஷ்யப் படையெடுப்பு என உக்ரைனியச் சிற்றூர்கள் கடந்துவந்த பெரும் நிகழ்வுகள் அனைத்தும் இவ்வூரின் வரலாற்றிலும் பதிந்துள்ளன.

பெயர்

சுவீடிய மொழியில் 'கம்மல்' என்றால் பழைய, 'ஸ்வென்ஸ்க்' என்றால் சுவீடிய, 'பி' என்றால் ஊர். எனவே ஊர்ப்பெயரின் பொருள் 'பழைய சுவீடிய ஊர்' என்பதாகும். உக்ரைனிய மொழியில் வழங்கிய 'ஸ்தாரோஷ்வெட்ஸ்கே' என்ற பெயருக்கும் இதே பொருள்தான். பின்னர் இதனுடன் இணைக்கப்பட்ட அண்டை ஊர்களில் ஒன்றை ஜெர்மானியக் குடியேறிகள் 'ஷ்லாங்கன்டோர்ஃப்', அதாவது பாம்பூர், என்று அழைத்தனர். ஸ்மீவ்கா என்ற இன்றைய உக்ரைனியப் பெயரும் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது.

டாகோ தீவில் வாழ்ந்த உழவர்கள்

டாகோ என்பது இன்றைய எஸ்தோனியாவின் ஹீயுமா தீவு. எஸ்தோனியாவின் மேற்குக் கரையிலும் தீவுகளிலும் இடைக்காலம் முதலே சுவீடிய மொழி பேசுவோர் வாழ்ந்தனர். அவர்கள் கடலில் மீன் பிடித்தும் சிறு நிலங்களில் பயிரிட்டும் பிழைத்தனர். எஸ்தோனியா சுவீடனின் ஆட்சியில் இருந்தபோது, இவ்வுழவர்கள் பண்ணையடிமைகள் அல்லர், தனியுரிமை கொண்ட குடிகள் என்ற நிலை அரச ஆணைகளால் ஏற்கப்பட்டிருந்தது.

பெரும் வடக்குப் போரில் சுவீடன் தோற்றது. 1721ஆம் ஆண்டின் நிஸ்டாட் உடன்படிக்கையின்படி எஸ்தோனியா முறைப்படி ரஷ்யாவின் வசமானது. புதிய ஆட்சியில் நிலவுடைமைப் பிரபுக்களின் கை ஓங்கியது. அவர்கள் சுவீடிய உழவர்களையும் எஸ்தோனியப் பண்ணையடிமைகளைப் போலவே நடத்த முற்பட்டனர். கூடுதல் வேலை நாட்கள், கூடுதல் வரி, நிலத்திலிருந்து வெளியேற்றம் எனச் சிக்கல்கள் வளர்ந்தன. உழவர்கள் தம் பழைய உரிமைகளைக் காட்டி நீதிமன்றங்களிலும் பேரரசியிடமும் முறையிட்டனர்.

அவர்கள் தன்னுரிமை உள்ள குடிகள் என்பது இறுதியில் ஏற்கப்பட்டது. ஆனால் அவர்கள் உழுத நிலம் பிரபுவுக்கே சொந்தம் என்பதும் உறுதியானது. பண்ணையடிமையாக இல்லாதவனை நிலத்தோடு கட்டிவைக்க முடியாது. அதே காரணத்தால் அவன் அந்நிலத்தில் தங்கியிருக்க உரிமை கோரவும் முடியாது. உரிமை வழக்கில் கிடைத்த வெற்றியே வீட்டையும் வயலையும் இழக்கக் காரணமாயிற்று.

தெற்கு நோக்கிய பயணம்

அக்காலத்தில் ரஷ்யப் பேரரசு கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளைக் கைப்பற்றியிருந்தது. 1774இல் உதுமானியப் பேரரசுடன் செய்த உடன்படிக்கை இப்பகுதியில் ரஷ்யாவின் பிடியை வலுப்படுத்தியது. 1775இல் சப்போரிசியக் கோசாக்குகளின் கோட்டை அழிக்கப்பட்டது. 1778இல் கெர்சோன் நகரம் நிறுவப்பட்டது. புதிதாகச் சேர்ந்த நிலங்களில் உழவர்களைக் குடியேற்றும் பொறுப்பு கிரிகோரி பொத்தெம்கினிடம் இருந்தது. டாகோவின் சுவீடிய உழவர்களை அங்கே குடியமர்த்த 1781இல் பேரரசி இரண்டாம் கத்தரீன் ஆணையிட்டார். நிலமும் வீடும் வழங்கப்படும் என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது.

1781ஆம் ஆண்டின் கோடைக்கால முடிவில் சுமார் 1,000 பேர் தீவை விட்டுப் புறப்பட்டனர். டாகோவுக்கும் தினீப்பரின் கீழ்க்கரைக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவே சுமார் 1,500 கிலோமீட்டர். வண்டிகளில் உடைமைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு பெரும்பாலோர் நடந்தே சென்றனர். பயணம் குளிர்காலத்தில் சிக்கியது. பொல்தாவா பகுதியில் குளிரைக் கழித்துவிட்டு, 1782 மே மாதத்தில் தினீப்பர் கரையை அடைந்தனர். வழியிலேயே நோயாலும் குளிராலும் பலர் மாண்டனர்.

சென்று சேர்ந்த இடத்தில் சொல்லப்பட்ட வீடுகள் இல்லை. மரமற்ற புல்வெளியே இருந்தது. பால்டிக் கரையின் குளிர்ந்த, காடடர்ந்த தீவில் பழகியவர்களுக்குக் கடும் வெயிலும் வறட்சியும் புதியவை. முதல் ஆண்டில் நோய் பரவியது. 1783ஆம் ஆண்டுத் திருச்சபைப் பதிவின்படி உயிருடன் எஞ்சியிருந்தவர்கள் 135 பேர் மட்டுமே. பிற்காலச் சுவீடியக் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை.

ஊர் நிலைபெறுதல்

எஞ்சியவர்கள் ஆற்றங்கரையில் வீடுகளைக் கட்டினர். 1788 முதல் 1790 வரை நடந்த ரஷ்ய–சுவீடியப் போரில் சிறைப்பட்ட சுவீடிய வீரர்கள் சிலரும் இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் நிலைத்துத் தங்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவீடியருக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலப்பரப்பின் ஒரு பகுதியில் ஜெர்மானியக் குடியேறிகள் அமர்த்தப்பட்டனர். ஷ்லாங்கன்டோர்ஃப், மூல்ஹவுசன்டோர்ஃப், குளோஸ்டர்டோர்ஃப் என்ற மூன்று ஊர்கள் உருவாயின. முதலிரண்டு ஊர்களும் லூத்தரன் சமயத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது கத்தோலிக்க ஊர். எண்ணிக்கையில் மிகுந்த ஜெர்மானியருடன் நிலத்தையும் மீன்பிடி உரிமையையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இதனால் நெடுநாள் பூசல்கள் எழுந்தன.

தீவில் கற்ற மீன்பிடித் தொழில் ஆற்றங்கரையிலும் கைகொடுத்தது. புல்வெளி நிலத்துக்கு ஏற்ற வேளாண்மையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கோதுமை முதன்மைப் பயிரானது. கால்நடை வளர்ப்பும், தர்ப்பூசணி போன்ற வெப்பநிலப் பயிர்களும் பின்னர் ஊரின் அன்றாட வாழ்வில் கலந்தன. மக்கள்தொகை பெருகியபோது நிலம் போதவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில குடும்பங்கள் கனடாவுக்குக் குடிபெயர்ந்தன.

தேவாலயம், பள்ளி, மொழி

சுற்றிலும் உக்ரைனிய மரபுவழிக் கிறித்தவரும் ஜெர்மானியரும் வாழ்ந்த சூழலில் சுவீடிய மொழி அழியாமல் இருந்ததற்குச் சமயம் ஒரு முக்கியக் காரணம். ஊர்மக்கள் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையில் ஒவ்வொருவரும் விவிலியத்தையும் பாடல் நூலையும் தாமே படிக்க வேண்டும் என்பது வழக்கம். டாகோவிலிருந்து கொண்டுவந்த சுவீடிய நூல்களைக் கொண்டே பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். போதகர் இல்லாத காலங்களில் ஊரார் ஒருவரே வழிபாட்டை நடத்தினார். ஜெர்மன் மொழிப் போதகர்கள் பொறுப்பேற்ற காலங்களில், வழிபாட்டு மொழி எது என்பது ஊரின் கௌரவச் சிக்கலாக மாறியது.

ஊரில் இரு வகைச் சுவீடியம் வழங்கியது. வீட்டிலும் வயலிலும் பேசப்பட்டது டாகோ தீவின் பழைய வட்டார வழக்கு. பள்ளியிலும் தேவாலயத்திலும் பயன்பட்டது எழுத்து வழக்கான பொதுச் சுவீடியம். இவற்றோடு ரஷ்யம், உக்ரைனியம், ஜெர்மன் ஆகியவற்றையும் பலர் அறிந்திருந்தனர். உணவு, கருவிகள், ஆட்சி முறை ஆகியவை தொடர்பான பல சொற்கள் அம்மொழிகளிலிருந்து வட்டார வழக்கில் நுழைந்தன. ஹோவாஸ், ஊட்டாஸ், மால்மாஸ், க்னூட்டாஸ், புஸ்காஸ் என 'ஆஸ்' என்று முடியும் குடும்பப் பெயர்கள் இவ்வூர் மக்களின் தனி அடையாளம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்லாந்தையும் சுவீடனையும் சேர்ந்த அறிஞர்கள் இவ்வூரைப் பற்றி எழுதத் தொடங்கினர். பின்லாந்தின் மொழியியலாளர் ஹெர்மன் வெண்டெல் இங்கு வந்து வட்டார வழக்கை ஆராய்ந்தார். அந்நாடுகளில் திரட்டப்பட்ட நன்கொடையின் துணையுடன் 1885இல் புனித யோவான் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. சுவீடனின் செய்தித்தாள்களில் இவ்வூர் 'மறக்கப்பட்ட உறவினர்' என்ற முறையில் பேசப்பட்டது. ஊர்மக்களிடமும் சுவீடனே தம் மூலத் தாயகம் என்ற எண்ணம் வலுத்தது. அவர்களின் முன்னோர் வாழ்ந்தது எஸ்தோனியத் தீவில்தான் என்பது இந்த உணர்வுக்குத் தடையாகவில்லை.

போர், புரட்சி, பஞ்சம்

முதல் உலகப் போரும் அதையடுத்த உள்நாட்டுப் போரும் தெற்கு உக்ரைனைச் சிதைத்தன. ஊர் பல படைகளின் கை மாறியது. தானியமும் கால்நடைகளும் பறிபோயின. 1921–1922இல் பஞ்சம் வந்தது. அப்போது சுவீடனிலிருந்து உதவிப் பொருட்கள் அனுப்பப்பட்டன.

1920களின் பிற்பகுதியில் சோவியத் அரசு சமயத்தின் மீதும் வசதியான உழவர்கள் மீதும் நெருக்கடியை இறுக்கியது. தானியக் கொள்முதல் கடுமையானது, கூட்டுப்பண்ணைகள் வரவிருந்தன. ஊரின் போதகர் கிறிஸ்டோஃபர் ஹோவாஸும் மற்றவர்களும், ஊர் முழுவதும் சுவீடனுக்குச் செல்ல இசைவு கேட்டனர். சுவீடனில் பேராயர் நாதன் சோடர்ப்ளோம் போன்றோர் இம்முயற்சிக்கு ஆதரவளித்தனர். சுவீடிய அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் பொறுப்பேற்றன. சோவியத் அரசு இசைந்தது.

1929: சுவீடனுக்குச் செல்லுதல்

1929 கோடையில் சுமார் 880 பேர் ஊரைக் காலி செய்தனர். தினீப்பர் வழியாகக் கெர்சோனுக்கும், அங்கிருந்து கப்பலில் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்துக்கும், பின்னர் தொடர்வண்டியில் ஐரோப்பாவைக் கடந்தும் சென்றனர். 1929 ஆகஸ்ட் 1 அன்று தென் சுவீடனின் ட்ரெல்லபோரி துறைமுகத்தில் இறங்கினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவரான இளவரசர் கார்ல் அவர்களை வரவேற்றார். பெரும் கூட்டம் திரண்டது.

முதலில் அவர்கள் யோன்ஷோப்பிங் நகரில் தங்கவைக்கப்பட்டனர். ஓர் ஊராக ஒரே இடத்தில் நிலம் பெற்று வாழலாம் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் சுவீடிய அதிகாரிகள், நாட்டின் வேளாண் முறைகளைக் கற்றுக்கொள்வதற்காக என்று குடும்பங்களை வெவ்வேறு பண்ணைகளுக்கு அனுப்பினர். பரந்த புல்வெளியில் சொந்தமாக உழுதவர்கள் பிறர் பண்ணையில் வேலையாட்களாயினர். அவர்களின் பேச்சும் உடையும் வழிபாட்டு முறையும் உள்ளூர் மக்களுக்கு வேறாகத் தோன்றின. உலகப் பொருளாதார நெருக்கடியும் அதே வேளையில் தொடங்கியது.

இதன்பின் ஊர் மூன்றாகப் பிரிந்தது. பெரும்பாலோர் சுவீடனிலேயே தங்கினர். அவர்களுள் பல குடும்பங்கள் கோட்லாந்து தீவில் நிலம் பெற்றன. அங்குள்ள ரோமா என்ற இடத்தில் இவ்வூர் மக்களின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் இன்றும் உள்ளது. சில குடும்பங்கள் கனடாவின் மானிட்டோபா மாகாணத்துக்குச் சென்றன. 1930–1931இல் சுமார் 240 பேர் மீண்டும் உக்ரைனுக்கே திரும்பினர். நிலம், பழகிய ஊர், ஒன்றாக வாழும் விருப்பம் ஆகியவை அவர்களைத் திருப்பியழைத்தன. சுவீடனின் பொதுவுடைமைக் கட்சியின் பிரசாரமும் இதில் பங்காற்றியது.

திரும்பியவர்களின் நிலை

திரும்பி வந்தவர்கள், தாம் விட்டுச்சென்ற வீடுகளிலும் வயல்களிலும் வேறு மனிதர்கள் குடியேறியிருந்ததைக் கண்டனர். தேவாலயம் மூடப்பட்டிருந்தது. அவர்களுக்கென ஒரு கூட்டுப்பண்ணை அமைக்கப்பட்டு, அதற்குச் சுவீடனின் பொதுவுடைமைக் கட்சியின் பெயர் சூட்டப்பட்டது. சுவீடனிலிருந்து வந்த பொதுவுடைமையாளர் சிலரும் அதில் பணியாற்றினர். மேலைநாட்டு உழவர்கள் தாமே விரும்பிச் சோவியத் நாட்டைத் தேர்ந்தெடுத்தனர் என்று காட்டும் எடுத்துக்காட்டாக ஊர் முன்னிறுத்தப்பட்டது.

1932–1933இல் உக்ரைன் முழுவதையும் வாட்டிய ஹொலோடொமோர் பெரும்பஞ்சம் இந்த எடுத்துக்காட்டு ஊரையும் விட்டுவைக்கவில்லை. பசியில் தவித்த குடும்பங்கள் மீண்டும் சுவீடனுக்குச் செல்ல விரும்புவதாகப் பட்டியலில் கையொப்பமிட்டன. அதற்குப் பதிலாகக் கைது நடவடிக்கைகள் வந்தன. 1937–1938ஆம் ஆண்டுகளின் பெரும் ஒடுக்குமுறையில் ஊர் ஆண்கள் பலர் கைது செய்யப்பட்டனர். சுட்டுக் கொல்லப்பட்டோரும் உண்டு. வெளிநாட்டுத் தொடர்பு என்ற குற்றச்சாட்டுக்குச் சுவீடனிலிருந்த உறவினரின் கடிதமே போதுமான சான்றாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரும் பின்விளைவும்

1941இல் ஜெர்மன் படைகள் இப்பகுதியைக் கைப்பற்றின. ஜெர்மானிய இனத்துக்கு நெருங்கியவர்கள் என்று சுவீடியர்கள் கருதப்பட்டனர். 1943இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது, சுற்றுவட்டாரத்து ஜெர்மானியருடன் சுவீடியர்களும் மேற்கே கொண்டு செல்லப்பட்டனர். போர் முடிந்தபின் சிலர் சுவீடனை அடைந்தனர். சோவியத் படையின் பிடிக்குள் வந்தவர்களோ வடக்கே கோமி பகுதியின் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து பிழைத்து வந்தவர்கள் 1940களின் பிற்பகுதியில் பழைய ஊருக்குத் திரும்பினர். அண்டை ஊர்களின் ஜெர்மானியர் பெரும்பாலும் திரும்பவில்லை.

1951இல் சோவியத் ஒன்றியமும் போலந்தும் எல்லைப் பகுதிகளைப் பரிமாறிக்கொண்டன. அப்போது கார்பாத்திய மலையடிவாரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட போய்க்கோ உக்ரைனியக் குடும்பங்கள் இவ்வூரில் குடியமர்த்தப்பட்டன. மலைநாட்டவரான அவர்களுக்கும் தனி வட்டார வழக்கும் தனி மரபுகளும் இருந்தன. அரசுகள் வரைந்த கோடுகளால் ஊரை இழந்தவர்கள், அதே வகையில் ஊரிழந்த சுவீடியரின் அண்டை வீட்டாராயினர்.

1950களில் தினீப்பரின் குறுக்கே ககோவ்கா அணை எழுந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் நீர்த்தேக்கம் பரவியது. ஆறு ஊருக்கு முன்னால் ஏரிபோல் விரிந்தது. மீன்பிடித் தீவுகளும் தாழ்ந்த கரைநிலங்களும் நீரில் மூழ்கின. சுவீடிய ஊரும் பழைய ஜெர்மானிய ஊர்களும் ஸ்மீவ்கா என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்தன.

மொழியின் தேய்வு

1929க்குப் பின் சுவீடியப் பள்ளியும் தேவாலயமும் பழைய நிலைக்கு மீளவில்லை. கலப்புத் திருமணங்கள் பெருகின. பிள்ளைகள் ரஷ்யத்திலும் உக்ரைனியத்திலும் கல்வி கற்றனர். வட்டார வழக்கு முதியோரின் வீட்டுப் பேச்சாகச் சுருங்கியது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சரளமாகப் பேசியவர்கள் முதிய பெண்கள் சிலர் மட்டுமே. 2000களில் மொழியியலாளர் அலெக்சாந்தர் மான்கோவ் அவர்களிடமிருந்து சொற்களையும் இலக்கணக் கூறுகளையும் பதிவு செய்தார். எஸ்தோனியாவின் சுவீடியர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரின்போது சுவீடனுக்குச் சென்றுவிட்டனர். ஆகவே டாகோவின் பழைய பேச்சு அதன் பிறப்பிடத்தில் மறைந்தபின்னும் தினீப்பர் கரையில் உயிரோடு இருந்தது.

மீண்டும் தொடர்பு

1980களின் இறுதியில் எல்லைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சுவீடனிலும் கோட்லாந்திலும் வாழ்ந்த உறவினர் ஊருக்கு வரத் தொடங்கினர். நெடுங்காலம் வேறு பயன்பாட்டில் இருந்த 1885ஆம் ஆண்டுத் தேவாலயம் சீரமைக்கப்பட்டு, உக்ரைனிய மரபுவழிச் சபையின் வழிபாட்டிடமானது. சுவீடியர் அடக்கம் செய்யப்பட்ட பழைய கல்லறைத் தோட்டமும் பராமரிக்கப்பட்டது. 2008 அக்டோபரில் சுவீடன் அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாவும் அரசி சில்வியாவும் ஊருக்கு வந்து முதியவர்களைச் சந்தித்தனர்.

2022க்குப் பின்

2022இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும் இப்பகுதி ஆக்கிரமிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ரஷ்யப் படை தினீப்பரின் வலது கரையிலிருந்து பின்வாங்கியதும் ஸ்மீவ்கா மீண்டும் உக்ரைன் வசம் வந்தது. ஆயினும் ஆற்றின் எதிர்க்கரையில் ரஷ்யப் படை நிலைகொண்டதால் ஊர் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது. மக்களில் பெரும்பகுதியினர் வெளியேறினர்.

2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை தகர்க்கப்பட்டது. அணைக்குக் கீழே வெள்ளம் ஊர்களை மூழ்கடித்தது. அணைக்கு மேலே இருந்த ஸ்மீவ்காவிலோ நீர் வற்றியது. ஏழு பத்தாண்டுகளாகப் பாசனமும் குடிநீரும் மீனும் தந்த நீர்ப்பரப்பு சில நாட்களில் பின்வாங்கி, பழைய ஆற்றுப் படுகையும் தாழ்நிலங்களும் வெளிப்பட்டன. முதல் சுவீடிய உழவர்கள் கண்ட தினீப்பரின் பழைய தடம், பீரங்கிகளின் எல்லைக்குள், மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

வரலாற்று முக்கியத்துவம்

கம்மல்ஸ்வென்ஸ்க்பியின் வரலாறு மூன்று வகைகளில் முக்கியமானது. முதலாவதாக, தெற்கு உக்ரைன் பல இனத்து உழவர்களின் உழைப்பால் உருவான நிலம் என்பதற்கு இது தெளிவான சான்று. இரண்டாவதாக, ஒரு சிறு மொழிக்குழு தொடர்ந்து நிலைக்கப் பள்ளி, வழிபாடு, ஒன்றாக வாழும் ஊர் ஆகிய மூன்றும் எவ்வளவு தேவை என்பதை இது காட்டுகிறது. அம்மூன்றும் இருந்த ஒன்றரை நூற்றாண்டில் மொழி தளரவில்லை. அவை ஒருசேரக் குலைந்த 1929க்குப் பின் இரண்டு மூன்று தலைமுறைகளில் தேய்ந்தது. மூன்றாவதாக, தாயகம் என்பது மொழியா, நிலமா என்ற கேள்வியை ஒரே ஊரின் மக்கள் வெவ்வேறு விதமாக விடுத்தனர். மொழியை நாடிச் சுவீடனுக்குச் சென்றவர்களும், அங்கே மொழி இருந்தும் வயலும் அண்டை அயலும் இல்லையென்று திரும்பியவர்களும் ஒரே குடும்பங்களிலேயே இருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று உக்ரைன், சுவீடன், கனடா ஆகிய மூன்று நாடுகளில் வாழ்கின்றனர்.